வீட்டிலுள்ள மூத்த படைவீரரைக் கௌரவிக்க: டிரங்குப் பெட்டியிலிருந்து விழா மேடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எண்பதை நெருங்கும் முன்னாள் படைவீரர் ஒருவர் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் பெரும்பாலும் மண்டபத்தையும் சால்வையையும் பதாகையையும்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். பதாகையில் பதவி தவறாக அச்சாகிறது. வாழ்த்திப் பேச வந்தவர் அவர் போகாத போர்முனைக்கு அவரை அனுப்பி வைக்கிறார். மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவரோ சபையில் மறுத்துப் பேச மனமில்லாமல் தலையைக் குனிந்துகொள்கிறார். என் பெரியப்பாவுக்கு நாங்கள் முதலில் நடத்திய விழாவும் இப்படித்தான் முடிந்தது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லையில் பீரங்கிப் படையில் டிரைவராக இருந்தவரை, கிழக்கே டாக்காவில் நின்றவராக்கி வாழ்த்திவிட்டோம்.

பிறகு ஆறு மாதம் செலவிட்டு அவருடைய பணிக்காலத்தையும் குடும்ப வாழ்க்கையையும் ஒரு சிறு புத்தகமாகத் தொகுத்து, இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். உறவிலும் நட்பிலும் வேறு சில குடும்பங்களுக்கும் அதன்பின் உதவியிருக்கிறேன். காகிதம், பேச்சு, சரிபார்ப்பு, புத்தகம், விழா என்ற வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன என்பதால், கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கெட்டி அட்டை நோட்டு, மென்மையான பென்சில், ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைப்பேசி, காகிதம் வைக்கத் தனித்தனி உறைகள், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஆகியவை போதும். புகைப்படங்களின் பின்புறம் பேனாவால் எழுதினால் மை முன்புறம் ஊறிவிடும். பென்சிலைச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இவற்றைவிட முக்கியமானது, வேலையைப் பொறுப்பேற்கும் ஒரே ஆள். மூன்று பிள்ளைகள் மூன்று கைப்பேசியில் பதிவு செய்த வீடுகளில், கடைசியில் எந்தப் பதிவும் முழுமையாகக் கிடைத்ததில்லை.

2. அவருடைய சம்மதத்தை முதலில் பெறுங்கள்

"உங்களைப் பற்றி ஒரு புத்தகம் போடப்போகிறோம்" என்று அறிவித்தால், பெரும்பாலான பழைய சிப்பாய்கள் "நான் என்ன செய்துவிட்டேன்" என்று எழுந்து போய்விடுவார்கள். "பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், உங்கள் காகிதங்களையும் ஒழுங்குபடுத்திவிடலாம்" என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட.

எதைச் சொல்ல விருப்பமில்லையோ அதைச் சொல்ல வேண்டியதில்லை என்றும், அச்சுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக்காட்டுவோம் என்றும் இரண்டு உறுதிகளை அப்போதே கொடுத்துவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் பேச வைத்தால், ஆறாவது படியில் அவர் வாயை மூடிக்கொள்வார்.

3. காகிதங்களைத் திரட்டுங்கள்

பேச்சுக்கு முன் காகிதம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வயதானவரின் நினைவில் ஆண்டுகள் இடம் மாறியிருக்கும். கையில் தேதி இருந்தால் அவரைத் திருத்தாமலே சரியான இடத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புக், அதாவது படையிலிருந்து விடுபடும்போது கொடுக்கும் பணிப் பதிவேடு. சேர்ந்த நாள், விடுபட்ட நாள், படை எண், பதவி, செய்த தொழில், பெற்ற பதக்கங்கள், நடத்தை மதிப்பீடு ஆகியவை அதில் இருக்கும். அடுத்தது ஓய்வூதிய ஆணை; பென்ஷன்காரர்கள் இதைப் பிபிஓ என்றே சொல்வார்கள். பிறகு குழுப் புகைப்படங்கள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், மணியார்டர் துண்டுகள், பயிற்சிச் சான்றிதழ்கள்.

இவை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: பரணில் கிடக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டியையே முதலில் பாருங்கள். பெரியப்பாவின் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் படை எண்ணும் பெயரும், அதற்குக் கீழே அடித்துவிட்டு மறுபடி எழுதிய பதவியும் இருந்தன. நாயக் என்பதன் மேல் ஹவல்தார் என்று எழுதியிருந்தார். அவருடைய பதவி உயர்வுக்கு நாங்கள் கண்ட முதல் சாட்சி அந்தப் பெயின்ட்தான்.

கடித உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். களத்தில் இருப்பவரின் முகவரியில் ஊர்ப்பெயர் இருக்காது. 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்றுதான் இருக்கும். முன்னது மேற்கு, வடக்குப் பகுதிகளுக்கும், பின்னது கிழக்குப் பகுதிக்கும் உரிய ராணுவ அஞ்சல் முகவரிகள். அஞ்சல் முத்திரையின் தேதியையும் இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்தாலே, எந்த மாதத்தில் எந்தத் திசையில் இருந்தார் என்பது ஓரளவு விளங்கிவிடும். எங்கள் டாக்கா தவறை ஒரு இன்லேண்டு கடிதமே காட்டிக்கொடுத்திருக்கும். யாரும் அதைப் பார்க்கவில்லை.

இங்கே அடிக்கடி நேரும் தவறு லேமினேஷன். பழைய காகிதத்தைச் சூட்டில் ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் நாளடைவில் மஞ்சள் கறையாகிவிடும். ஸ்கேன் எடுத்துவிட்டு மூலத்தை உறையில் போடுங்கள். இன்னொன்று, போகிக்கு முந்தைய வாரத்தில் பரணைச் சுத்தம் செய்யாதீர்கள். எத்தனை வீட்டில் பட்டாளத்துக் கடிதங்கள் போகித் தீயில் போயிருக்கின்றன என்று கேட்டால் மனம் வெறுத்துப்போகும்.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால், அவருடைய பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆஃபீசுக்கு அவர் கையெழுத்திலேயே விண்ணப்பம் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சேப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இஎம்இக்கு செகந்திராபாத், விமானப்படை வீரர்களுக்கு டெல்லி, கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. எங்கே எழுதுவது என்று விளங்காவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் படை எண்ணோடு போங்கள். எண் இல்லாமல் போனால் ஒன்றும் நடக்காது. பதில் வரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், இந்த விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

4. பதக்கங்களை வாசியுங்கள்

பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். வட்டப் பதக்கங்களின் விளிம்பில் படை எண்ணும் பதவியும் பெயரும் மிகச் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அவை மழுங்கிவிடும். லென்ஸ் வைத்துப் படித்து, அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் உள்ள பதவி பதக்கம் கிடைத்த காலத்துப் பதவி என்பதால், ஓய்வு பெற்றபோது இருந்த பதவியிலிருந்து வேறுபடலாம்.

பதக்கம் என்றாலே வீரப் பதக்கம் என்று எழுதிவிடுவது மேடைகளில் அதிகம் காணும் பிழை. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா போன்றவை வீரச் செயலுக்கானவை. மற்றவற்றில் பெரும்பாலானவை பணியில் இருந்ததற்கானவை. அவை சொல்லும் செய்தி வேறு.

1965ஆம் ஆண்டுக்கு இரண்டு உண்டு. ரக்ஷா மெடல் அந்தக் காலத்தில் படையில் இருந்தவர் என்று சொல்கிறது. சமர் சேவா ஸ்டார் போர்ப் பகுதியிலேயே இருந்தவர் என்று சொல்கிறது. 1971க்கும் அதே போல சங்க்ராம் மெடல் பொதுவானது. பூர்வி ஸ்டார் கிழக்குப் போர்முனைக்கும் பஸ்சிமி ஸ்டார் மேற்குப் போர்முனைக்கும் உரியவை. 1972இல் வழங்கப்பட்ட சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும், 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்ட பணிப் பதக்கங்களும் பலரிடம் இருக்கும். பெரியப்பாவின் நெஞ்சில் பஸ்சிமி ஸ்டார் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் நாங்கள் அவரை டாக்காவுக்கு அனுப்பினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

உரிமை இருந்தும் பதக்கத்தை வாங்காமலே ஊர் திரும்பியவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் புக்கில் பெயர் இருந்து கையில் பதக்கம் இல்லை என்றால், ரெக்கார்டு ஆஃபீசுக்கு எழுதும் கடிதத்தில் அதையும் கேளுங்கள்.

5. காலக்கோட்டை வரையுங்கள்

நோட்டின் இரண்டு பக்கங்களை விரித்து நான்கு பத்தி போடுங்கள்: ஆண்டு, அவர் இருந்த இடமும் யூனிட்டும், வீட்டில் நடந்தது, அதற்கான சான்று. மூன்றாவது பத்தியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். திருமணம், பிரசவம், தாய் தந்தையர் மறைவு, வீடு கட்டியது ஆகியவை அதில் வரும்போதுதான், தகப்பனார் இறந்த செய்தி தந்தியாகப் போய்ச் சேர்ந்தபோது அவர் எத்தனை நாள் பயணத் தொலைவில் இருந்தார் என்பது கண்ணில் படும்.

காலியான கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். அந்தக் கட்டங்கள்தான் அடுத்த படியில் கேட்க வேண்டிய கேள்விகள்.

6. அவரோடு பேச உட்காருங்கள்

காலை உணவு முடிந்த நேரம் நல்லது. நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருக்கக்கூடும் என்பதால், நேர் எதிரே, முகம் தெரியும்படி உட்காருங்கள். அவர் பொருத்தமில்லாமல் பதில் சொன்னால், மறதி என்று முடிவு கட்டும் முன் கேள்வி காதில் விழுந்ததா என்று பாருங்கள். கைப்பேசியை மடித்த துண்டின் மேல் வைத்து, தேதியையும் பேசுபவர் பெயரையும் சொல்லிப் பதிவைத் தொடங்குங்கள். பதிவை அன்றே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.

போரிலிருந்து தொடங்காதீர்கள். ஆள் எடுப்பில் மார்பளவு எடுத்தது, முதல் ரயில் பயணம், சோறு கேட்ட வயிற்றுக்கு ரொட்டி கிடைத்த முதல் வாரம், இந்தி புரியாமல் வாங்கிய திட்டு, முதல் மணியார்டர் எவ்வளவு என்று கேளுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் பதில் வரும். பேசிப் பேசிக் குரல் இளகிய பிறகு மற்றவை தானாக வரும்.

கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. "1971இல் எப்படி இருந்தது?" என்று நான் கேட்டபோது பெரியப்பா "இருந்தது" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் கழித்து, பெட்டியில் கிடந்த துருப்பிடித்த ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன். முன்விளக்கு போடாமல் இரவில் வண்டி ஓட்டிய விதத்தை, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தது போல் வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் சொன்னார். வண்டிக்கு முன்னால் ஒருவர் முதுகில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு நடப்பாராம். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து போவாராம்.

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஒருநாளும் கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சமையல்காரராகவோ கிளார்க்காகவோ முடிதிருத்துபவராகவோ மருத்துவ உதவியாளராகவோ இருந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், தன் வேலை ஒரு பொருட்டல்ல என்று அவரையே நினைக்க வைத்துவிடுவீர்கள். லங்கரில் (படைச் சமையற்கூடத்தில்) ரொட்டி சுட்டவர் இல்லாமல் முன்வரிசை ஒருநாள்கூட நின்றிருக்காது.

அவர் நடுவில் மௌனமானால் நீங்களும் மௌனமாக இருங்கள். இறந்துபோன தோழரைப் பற்றிச் சொல்ல வந்து நிறுத்திவிட்டால், அன்றைக்கு அதோடு முடித்துத் தேநீர் குடியுங்கள். பேசிய நாட்களில் இரவுத் தூக்கம் கெடுகிறதா என்று வீட்டில் விசாரியுங்கள். கெட்டால் பேச்சை நிறுத்திவிட்டு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக் மருத்துவரிடம் சொல்லுங்கள். புத்தகம் காத்திருக்கும்.

7. அவருடைய மனைவியிடம் தனியாகப் பேசுங்கள்

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், "அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்ற ஒரே பதில்தான் வரும். தனியாகக் கேளுங்கள். கடிதத்தை யார் படித்துக்காட்டினார்கள், பதில் யார் எழுதினார்கள், மணியார்டர் தாமதமான மாதத்தை எப்படி ஓட்டினீர்கள், பள்ளிக்கூடத்தில் தகப்பன் கையெழுத்து கேட்டபோது என்ன செய்தீர்கள்?

பெரியம்மா கணக்குப் போட்டுச் சொன்னார்: "பதினஞ்சு வருஷம் பட்டாளத்துல இருந்தாரு. வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு. எல்லாத்தையும் கூட்டினா என்கூட இருந்தது ரெண்டரை வருஷம்தான்." எங்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த வரியைத்தான் போட்டோம்.

இந்தப் படிக்கு இன்னொரு பயனும் உண்டு. பெரியவர் நிகழ்ச்சிகளை யூனிட் இருந்த இடத்தை வைத்து நினைவில் வைத்திருப்பார்; வீட்டில் இருந்தவரோ பிள்ளைக்குப் பல் முளைத்த மாதம், கிணறு வற்றிய வருஷம் என்று வைத்திருப்பார். இரண்டையும் காலக்கோட்டில் சேர்த்தால், காகிதம் இல்லாத இடங்களிலும் ஆண்டு கிடைத்துவிடும்.

8. சரிபாருங்கள்

பொதுவான தேதிகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 1962 சீனப் போர் அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை, 1965 பாகிஸ்தான் போரில் போர்நிறுத்தம் செப்டம்பர் 23, 1971இல் போர் தொடங்கியது டிசம்பர் 3, இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தது 1987 முதல் 1990 வரை, கார்கில் 1999.

ஆனால் தேதியைக் காட்டி அவரை மடக்காதீர்கள். "பதினாறாம் தேதிக்கு அப்புறமும் சுட்டுக்கொண்டுதான் இருந்தோம்" என்று பெரியப்பா சொன்னபோது, போர் 16ஆம் தேதியே முடிந்துவிட்டதே என்று நாங்கள் சிரித்தோம். டாக்காவில் சரணடைந்தது டிசம்பர் 16; மேற்கு எல்லையில் போர்நிறுத்தம் 17ஆம் தேதி இரவுதான் நடைமுறைக்கு வந்தது. அவர் சொன்னதே சரி.

பதவியை டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே எழுதுங்கள். கௌரவப் பதவி குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ வழங்கப்பட்டிருந்தால், கௌரவம் என்ற சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும். வீர விருது இருந்தால் அரசிதழிலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருது இணையதளத்திலும் பார்த்துக்கொள்ளலாம். போரில் இறந்த தோழரின் பெயரை அவர் சொன்னால், டெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் அந்தப் பெயர் இருக்கக்கூடும். என் நண்பர் ஒருவர் அதைத் தேடிப் படமெடுத்துத் தகப்பனாருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தோழர் இறந்த விதத்தை மட்டும் அவர் குடும்பத்தின் அனுமதியில்லாமல் அச்சிடாதீர்கள்.

9. எழுதி அச்சிடுங்கள்

நாற்பது பக்கம் போதும். எழுத்தின் அளவு 16 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. முதல் வாசகர் அவர்தான். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே விடுங்கள். "தாய்மண்ணைக் காக்கக் களம் புகுந்தார்" என்று நீங்கள் மெருகேற்றினால் அவருக்கே அது யாரோ ஒருவர் கதையாகிவிடும்.

பாதிப் பக்கங்களைப் பட்டாளத்துக்குப் பின் வந்த வாழ்க்கைக்கு ஒதுக்குங்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதுக்குள் வீடு திரும்பி, வங்கிக் காவலராகவோ மின்வாரிய ஊழியராகவோ விவசாயியாகவோ இருபது ஆண்டுக்கு மேல் உழைத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆன தேதியோடு புத்தகத்தை முடிப்பது, வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சோறு போடாமல் அனுப்புவது போன்றது.

அச்சுக்கு முன் முழுப் பிரதியையும் அவருக்கு உரக்கப் படித்துக்காட்டுங்கள். தேதியிலும் பதவியிலும் காகிதம் சொல்வதே முடிவு. அவர் கண்டதிலும் உணர்ந்ததிலும் அவர் சொல்வதே முடிவு. அவர் நீக்கச் சொல்வதைக் காரணம் கேட்காமல் நீக்குங்கள்.

10. விழா

நாள் பார்ப்பது எளிது. முன்னாள் படைவீரர் நாளான ஜனவரி 14, வெற்றி நாளான டிசம்பர் 16, கார்கில்காரர் என்றால் ஜூலை 26, இல்லையென்றால் சதாபிஷேகத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். ஜனவரி 14 பொங்கல் நெருக்கடியில் வரும் என்பதால் உறவினர் வருவது கடினம்.

வாசலில் பட்டாசு வேண்டாம். இதை இரண்டு முறை சொல்லிவையுங்கள். ஆர்வக்கோளாறில் யாராவது ஒருவர் சரவெடி வாங்கி வந்துவிடுவார். தேசியக் கொடியைச் சால்வையாகப் போர்த்தக் கூடாது. அது சட்டப்படி தவறு, கொடியைத் துணியாகப் போர்த்துவது அரசு மற்றும் படை மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்குக்கு மட்டுமே உரியது. பேரனுக்குச் சீருடை தைத்து நிறுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள். பதக்கங்களை அவரே தன் இடது மார்பில் அணியட்டும். வரிசை அவருக்குத் தெரியும்.

மேடையில் இரண்டு நாற்காலிகள், ஒரே உயரம். முதல் பிரதி அவர் மனைவி கைக்குப் போகட்டும். பேச்சுகளைக் குறைத்து, புத்தகத்திலிருந்து இரண்டு பகுதிகளைப் படியுங்கள். இறந்த தோழர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். அவர் பேச விரும்பினால் கடைசியில் பேசுவார். ஒலிவாங்கியை அவர் கையில் திணிக்க வேண்டாம்.

11. விழா முடிந்த வாரத்தில் செய்ய வேண்டியது

காகிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும் இந்த வாரத்தை விட்டால் இந்த வேலை நடக்காது. ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும், ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிற்காலத்தில் குடும்ப ஓய்வூதியம் தடைபடும் இடங்களில் இது முக்கியமானது. அவர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போடும்போதே திருத்துவது எளிது. திருத்தம் தேவைப்பட்டால் படை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வழியாகவோ மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் உதவியோடோ விண்ணப்பிக்கலாம்.

அவருடைய பிறந்த தேதியையும் பாருங்கள். 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்க வேண்டும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் 100 விழுக்காடு. ஜாதகத்தில் ஒரு தேதியும் படைப் பதிவில் வேறொரு தேதியும் இருப்பது அந்தத் தலைமுறையில் சாதாரணம். கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படுவது பதிவில் உள்ளதே.

எல்லாம் முடிந்ததும் மூலக் காகிதங்களை உறைகளில் போட்டு அதே டிரங்குப் பெட்டியில் வைத்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். பெட்டி மறுபடி பரணுக்குப் போக வேண்டாம். பெரியம்மாவின் கைக்கு எட்டும்படி கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.